அனுபவம் இல்லாமல் கனடா பி.ஆர்.: எந்த வழி நிஜம், அதற்கு என்ன விலை?

‘முன் அனுபவம் தேவையில்லை, குடும்பத்தோடு கனடா பி.ஆர்.’ என்று ஃபேஸ்புக்கில் வரும் விளம்பரங்களில் பாதி உண்மை இருக்கிறது. அதை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் குறையாததற்கு அந்தப் பாதிதான் காரணம். திறன்சார் வேலை அனுபவம் கேட்காத வழிகள் கனடாவின் சட்டத்திலேயே இருக்கின்றன. ஆனால் அனுபவத்தை விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு வழியும் அந்த இடத்தில் வேறொன்றைக் கேட்கும். ஒரு உறவு, அந்த ஊரிலேயே முடித்த படிப்பு, ஒரு முதலாளியின் கையெழுத்து, திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்பதற்கான ஆதாரம், இப்படி ஏதாவது ஒன்று. விளம்பரம் சொல்லாமல் விடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

2024, 2025 ஆண்டுகளில் பல திட்டங்கள் மூடப்பட்டன அல்லது சுருங்கின. ஆனாலும் அவற்றைப் பற்றிய வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதனால் எது இருக்கிறது, எது போய்விட்டது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

## பி.ஆர். என்பது எது, எது இல்லை

பி.ஆர். என்பது நிரந்தர வதிவிட உரிமை. கனடாவின் எந்த மாகாணத்திலும் வசிக்கலாம், வேலை பார்க்கலாம், படிக்கலாம். அரசு மருத்துவக் காப்பீடும் உண்டு. ஓட்டுரிமை கிடையாது, கனடா பாஸ்போர்ட்டும் கிடையாது. ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 730 நாட்கள் அங்கே இருந்தால்தான் உரிமை நிலைக்கும். குடியுரிமை அதற்கு அடுத்த படி. அதற்கு ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

படிப்பு பர்மிட்டும் வேலை பர்மிட்டும் தற்காலிகமானவை. எத்தனை வருஷம் இருந்தாலும் அவை தானாக பி.ஆர். ஆக மாறிவிடாது. தனியாக ஒரு திட்டத்தில் விண்ணப்பித்து, அந்தத் திட்டத்தின் நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும்.

## ‘திறன்சார் வேலை’ என்று யார் முடிவு செய்கிறார்கள்?

கனடா எல்லா வேலைகளையும் தேசியத் தொழில் வகைப்பாடு என்ற பட்டியலில் எண் போட்டு வைத்திருக்கிறது. 2022 நவம்பரிலிருந்து குடிவரவுத் துறை பின்பற்றும் பதிப்பில் ஒவ்வொரு வேலைக்கும் ‘டீர்’ என்ற நிலை உண்டு, 0 முதல் 5 வரை. 0 என்றால் மேலாளர். 1 என்றால் பொதுவாகப் பட்டப்படிப்பு தேவைப்படும் வேலை. 2, 3 டிப்ளமோவோ தொழிற்பயிற்சியோ வேண்டிய வேலைகள். 4 பள்ளிப்படிப்பும் சில வாரப் பயிற்சியும் போதும் என்ற வகை. 5 போய் நின்று பார்த்தே கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. குடிவரவுச் சட்டம் ‘திறன்சார்’ என்று ஏற்பது 0 முதல் 3 வரை மட்டும்.

இதை ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வைத்துப் பார்க்கலாம். கடை மேனேஜர் டீர் 0. தளத்தில் சேல்ஸ்மேன்களை மேய்க்கும் சூப்பர்வைசர் டீர் 2. சேலையை விரித்துக் காட்டும் சேல்ஸ்மேன் டீர் 4. பில் போடும் கேஷியர் டீர் 5. பிளவுஸ் தைத்துத் தரும் டெய்லர், பதினைந்து வருஷக் கைப்பழக்கம் இருந்தாலும், டீர் 4. ஆனால் ஊழியர் கேன்டீனில் சமைப்பவர் டீர் 3, அதாவது திறன்சார் தொழிலாளி. கணக்கு அறையில் இன்னும் சுவாரசியம். பேரேடு எழுதி, மாதக் கணக்கை முடித்து, வரி ரிட்டர்னுக்குத் தயார் செய்பவர் புக்கீப்பர் என்ற வகையில் டீர் 2. பக்கத்து மேசையில் வவுச்சர்களை மட்டும் கணினியில் ஏற்றுபவர் கணக்கு எழுத்தர், டீர் 4. இரண்டு பேரின் விசிட்டிங் கார்டிலும் ‘அக்கவுண்டன்ட்’ என்றுதான் இருக்கும்.

அதனால் ‘எனக்குத் திறன்சார் அனுபவம் இல்லை’ என்று முடிவுகட்டும் முன் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அதிகாரி பார்ப்பது பதவியின் பெயரை அல்ல, செய்த வேலைகளை. அனுபவக் கடிதத்தில் செய்த பணிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், தொடங்கி முடிந்த தேதிகள் எல்லாம் இருக்க வேண்டும். ‘இவர் எங்களிடம் நேர்மையாகப் பணிபுரிந்தார்’ என்ற நம்மூர் நற்சான்றிதழ் அங்கே செல்லாது.

சமையல்காரர், பேக்கரி மாஸ்டர், முடிதிருத்துபவர், வெல்டர், எலக்ட்ரீஷியன், லாரி ஓட்டுநர் எல்லோரும் இந்தப் பட்டியலில் திறன்சார் தொழிலாளிகள். தாங்கள் தகுதியில்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டு ஏஜென்டிடம் போகிறவர்களில் இவர்களும் இருக்கிறார்கள்.

## பிரதான வாசல் ஏன் மூடியிருக்கிறது

2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரிதான் பிரதான வாசல். வயது, படிப்பு, மொழி, அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, அதிகம் எடுத்தவர்களைச் சுற்றுச் சுற்றாக அழைக்கும் முறை அது. அதற்குள் மூன்று திட்டங்கள். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு ஏற்ற கூட்டாட்சித் திறன் தொழிலாளர் திட்டம், கடந்த பத்து ஆண்டுகளுக்குள் குறைந்தது ஓராண்டு தொடர்ச்சியான திறன்சார் அனுபவம் கேட்கும். முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ 1,560 மணி நேரம் என்று கணக்கு. சம்பளம் வாங்காத வேலை சேராது. கனடா அனுபவப் பிரிவு, கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் கனடாவிலேயே ஓராண்டு திறன்சார் அனுபவம் கேட்கும். முழுநேர மாணவராக இருந்தபோது பார்த்த வேலை இதில் செல்லாது. மூன்றாவது, கைத்தொழிலாளர்களுக்கானது. அதற்கும் அனுபவம் வேண்டும்.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகள் பரவியிருக்கின்றன. ஒன்று, பிரெஞ்சு படித்தால் போதும் என்பது. பிரெஞ்சு தெரிந்தவர்களைக் குறைந்த மதிப்பெண்ணில் தனிச் சுற்றில் அழைக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்தச் சுற்றுக்கு வருவதற்கே மேலே சொன்ன மூன்று திட்டங்களில் ஒன்றில் தகுதி வேண்டும், ஓராண்டு அனுபவம் உட்பட. இரண்டு, கனடா முதலாளி ஒருவரிடம் வேலைக் கடிதம் (ஜாப் ஆஃபர்) வாங்கினால் மதிப்பெண் ஏறும் என்பது. அதற்குக் கொடுத்துவந்த 50, 200 மதிப்பெண்களை 2025 மார்ச் 25 அன்று எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் ‘பாயின்ட்டுக்காக’ கடிதம் விற்பவர் விற்பது வெறும் காகிதம்.

## அனுபவம் கேட்காத வழிகள்

1. துணையின் தகுதியில் ஏறுவது

பலர் கண்ணில் படாத வழி இதுதான், எல்லாவற்றிலும் நேரடியானதும் இதுதான். பொருளாதாரத் திட்டங்களில் நிபந்தனைகள் முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டும். அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ, 22 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்கோ அனுபவமே வேண்டாம். அவருக்குக் கிடைக்கும்போது அவர்களுக்கும் பி.ஆர். கிடைக்கும்.

நம் குடும்பங்களில் விண்ணப்பம் என்றாலே கணவன் பெயரில் போடுவது பழக்கம். கணவன் கடையில் சேல்ஸ்மேன், மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றால் அந்தப் பழக்கம் வேலைக்கு ஆகாது. பதிவு பெற்ற செவிலியர் டீர் 1. முதன்மை விண்ணப்பதாரர் அவர்தான். முதலில் இரண்டு பேரின் தகுதியையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2. குடும்ப ஸ்பான்சர்

கனடாவில் குடியுரிமையோ பி.ஆரோ உள்ள ஒருவர், தன் துணையையும் தன்னைச் சார்ந்த பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். வருபவரின் படிப்பு, அனுபவம், ஆங்கிலம் எதையும் கேட்பதில்லை. துணைக்கு ஸ்பான்சர் செய்யப் பொதுவாக வருமான வரம்பும் இல்லை. ஆனால் மூன்று ஆண்டுகள் அவருடைய அடிப்படைச் செலவுகளுக்குப் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்க வேண்டும். இடையில் விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு போகாது.

விலை எங்கே இருக்கிறது? திருமணம் உண்மையானது என்று நிரூபிப்பதில். குடிவரவுக்காகவே செய்த திருமணம், அல்லது உண்மையான உறவாக இல்லாத திருமணம், இரண்டில் ஒன்று என்று அதிகாரி கருதினாலே நிராகரிக்கலாம். பார்த்துப் பேசி முடித்த கல்யாணங்களில் இது சிக்கலாகலாம். நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடையே ஒரு மாதம்கூட இருக்காது, பையனும் பெண்ணும் சேர்ந்து எடுத்த போட்டோ பத்துகூடத் தேறாது. ஏற்பாட்டுத் திருமணம் செல்லும். ஆனால் குடும்பங்கள் எப்படிப் பேசின, யார் அறிமுகம் செய்தது, அதன் பிறகு எப்படித் தொடர்பில் இருந்தார்கள் என்பதை ஆவணங்களோடு விளக்க வேண்டும். இப்படி வந்தவர், பி.ஆர். ஆன நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு வேறு துணையை ஸ்பான்சர் செய்ய முடியாது.

இன்னொரு கண்ணி, குடிவரவு விதிமுறைகளின் 117(9)(டி) விதி. ஒருவர் பி.ஆர். வாங்கும்போது தன் மனைவியையோ பிள்ளையையோ விண்ணப்பத்தில் காட்டாமல் விட்டால், பிறகு அவர்களைக் குடும்பப் பிரிவில் அழைக்க முடியாமல் போகலாம். ‘இப்போது சிங்கிள் என்று போடு, போனதும் கூப்பிட்டுக்கொள்ளலாம்’ என்று ஏஜென்ட் சொல்வது அந்தக் கதவைப் பூட்டும் யோசனை.

பெற்றோருக்குத் திட்டம் உண்டு, ஆனால் நினைத்தபோது விண்ணப்பிக்க முடியாது. 2020இல் பெயர் பதிந்தவர்களிலிருந்துதான் 2025 வரை அழைத்துக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் வந்து தங்குவதற்கான சூப்பர் விசா ஒரு தடவைக்கு ஐந்து ஆண்டுகள் வரை தங்க விடும், ஆனால் அது பி.ஆர். இல்லை. அண்ணன், தங்கையைப் பொதுவாக ஸ்பான்சர் செய்யவே முடியாது. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அங்கே உடன்பிறப்பு இருந்தால் 15 மதிப்பெண் சேரும், அவ்வளவுதான்.

3. அங்கேயே படிப்பது

மாணவராகப் போகும் எல்லோருடைய கணக்கும் இதுதான். இதில் உண்மையில் அனுபவத்தைத் தள்ளுபடி செய்யும் திட்டங்கள் கொஞ்சம்தான். தெளிவானது அட்லான்டிக் குடிவரவுத் திட்டம். நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூஃபவுண்ட்லாந்து-லாப்ரடார் ஆகிய நான்கு மாகாணங்களுக்கானது. 2017இல் சோதனையாகத் தொடங்கி, 2022 ஜனவரியில் நிலையான திட்டமானது.

மற்றவர்களிடம் கடந்த ஐந்து ஆண்டுகளில் 1,560 மணி நேர அனுபவம் கேட்கும் இந்தத் திட்டம், அந்த மாகாணங்களிலேயே அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்து, படிப்பு முடிவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் 16 மாதமாவது அங்கே வசித்தவரிடம் அதைக் கேட்பதில்லை. நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸில் இரண்டு வருஷ டிப்ளமோ முடித்த ஒருவர், ஒரு நாள்கூடத் திறன்சார் வேலை பார்க்காமலே தகுதி பெறலாம். ஆனால் மாகாணம் அங்கீகரித்த முதலாளி ஒருவர் முழுநேர வேலை தர வேண்டும். டீர் 0 முதல் 3 வரையிலான வேலை என்றால் ஓராண்டாவது உறுதி வேண்டும். கடை சேல்ஸ்மேன் போன்ற டீர் 4 வேலை என்றால் முடிவுத் தேதி இல்லாத நிரந்தர வேலையாக இருக்க வேண்டும். டீர் 5 வேலை ஏற்கப்படாது. மாகாணத்தின் ஒப்புதல் சான்றிதழும் வேண்டும். எந்தத் துறைக்கு முன்னுரிமை என்பதை மாகாணமே முடிவு செய்யும்.

இதே வடிவில் 2025 ஜனவரியில் தொடங்கியது ஊரகச் சமூகக் குடிவரவுச் சோதனைத் திட்டம். சட்பரி, தண்டர் பே, பிராண்டன், மூஸ் ஜா என 14 ஊர்கள் அதில் உண்டு. அந்த ஊரிலேயே படித்தவர்களுக்கு அனுபவ நிபந்தனை இல்லை. இங்கே டீர் 4, 5 வேலைகளும் செல்லும், ஆங்கிலத் தேவையும் அதற்கேற்பக் குறையும். ஆனால் அந்த ஊர் அங்கீகரித்த முதலாளியிடம்தான் வேலை, ஊருக்கு ஊர் ஒதுக்கீடும் உண்டு. டொரண்டோ புறநகரில் படித்துவிட்டுப் போய் நின்றால் இந்தச் சலுகை கிடைக்காது.

வேலைக் கடிதமும் வேண்டாம், அனுபவமும் வேண்டாம் என்ற பிரிவுகள் சில மாகாணங்களில் முதுநிலை, முனைவர் பட்டதாரிகளுக்கு இருந்தன. ஒன்டாரியோ அப்படிப் பல ஆண்டுகள் நடத்தியது. பிரிட்டிஷ் கொலம்பியா தன் பிரிவை 2025 தொடக்கத்தில் மூடியது. அதே ஆண்டில், மாகாணங்கள் பி.ஆருக்குப் பரிந்துரைக்கக்கூடியவர்களின் ஒதுக்கீட்டை மத்திய அரசு ஏறத்தாழப் பாதியாக வெட்டியது. ஒதுக்கீடு குறைந்தால் மாகாணம் முதலில் கைவைப்பது இப்படிப்பட்ட பிரிவுகளில்தான். இரண்டு ஆண்டு கழித்துப் படிப்பை முடிக்கும்போது அந்தப் பிரிவு இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

செலவையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல், தனி மாணவர் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக 22,895 கனடிய டாலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். படிக்கும்போது வகுப்பு நாட்களில் வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 2024 நவம்பர் 1க்குப் பிறகு படிப்பு பர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்களில் கல்லூரி டிப்ளமோ படிப்பவர்களுக்கு, படிப்புக்குப் பிந்தைய வேலை பர்மிட் கிடைக்க அவர்களின் பாடத்துறை அரசின் பட்டியலில் இருக்க வேண்டும். பொதுவான பிசினஸ் டிப்ளமோ அந்தப் பட்டியலில் இல்லை. சேருவதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது. கல்லூரி இடம் பிடித்துத் தருபவர் இதை முதலில் சொல்வது அபூர்வம்.

4. குறைந்த திறன் வேலைக்கான திட்டங்கள்

இவை அனுபவத்தைக் கேட்கும், ஆனால் திறன்சார் அனுபவமாக இருக்க வேண்டியதில்லை. மனிடோபா மாகாணத்தில் ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வேலை பார்த்தவர்களுக்கான பிரிவு இதில் சேரும். முதலில் வேலை பர்மிட் வாங்கி அங்கே போக வேண்டும் என்பதால், வெளியில் இருப்பவருக்கு இது இரண்டு கட்ட வேலை.

வீட்டுப் பராமரிப்பாளர் திட்டத்தைத்தான் ஏஜென்டுகள் அதிகம் விற்றார்கள். பள்ளி இறுதிக்குச் சமமான படிப்பு, அடிப்படை ஆங்கிலம், ஆறு மாத அனுபவம் அல்லது ஆறு மாதப் பயிற்சி, ஒரு வேலைக் கடிதம் என்று நிபந்தனைகள் எளிதாக இருந்தன. 2025 மார்ச் 31 அன்று திறந்தது, அன்றே ஒதுக்கீடு நிரம்பியது. அதுவும் ஏற்கெனவே கனடாவில் இருந்தவர்களுக்கு மட்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான பிரிவு அன்று திறக்கவே இல்லை. ஆனால் இங்கே பயிற்சிக் கட்டணம் வசூலித்தவர்கள் வசூலித்ததுதான். விவசாய-உணவுத் துறைக்கான சோதனைத் திட்டமும் 2025 மே மாதத்தோடு முடிந்தது.

5. தொழில் தொடங்குவது

ஸ்டார்ட்-அப் விசா வேலை அனுபவம் கேட்கவில்லை. 2025 இறுதியோடு புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டார்கள். சுயதொழில் திட்டம் 2024 ஏப்ரலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது.

6. பாதுகாப்பும் மனிதாபிமானமும்

அகதிக் கோரிக்கை ஒரு குடிவரவுத் திட்டம் அல்ல. ஆனால் அது ஏற்கப்பட்டால் பி.ஆருக்கு விண்ணப்பிக்கலாம், அனுபவம் எதையும் கேட்க மாட்டார்கள். கனடாத் தமிழ்ச் சமூகத்தின் ஒரு பெரும் பகுதி உருவானது இப்படித்தான். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழர்களை மீனவர்கள் மீட்ட சம்பவம் பலருக்கும் தெரிந்திருக்கும். இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணத்தால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தை அதற்கான வாரியத்தின் முன் நிரூபிக்க வேண்டும். வேலை இல்லை, கடன் இருக்கிறது என்பவை காரணமாகாது.

இது தவறிப்போனவர்களுக்குக் குடிவரவுச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் மனிதாபிமான அடிப்படையிலான விண்ணப்பம் இருக்கிறது. இதன் எல்லையை வரைந்ததே ஒரு தமிழ் இளைஞரின் வழக்கு. வட இலங்கையிலிருந்து 2010இல் தன் 17 வயதில் கனடா வந்தவர். அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டது, மனிதாபிமான விண்ணப்பமும் மறுக்கப்பட்டது. கந்தசாமி வழக்கு என்று அறியப்படும் அதில் 2015 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு கஷ்டத்தையும் தனித்தனியாக எடை போட்டுக் கழித்துக்கட்டாமல், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. இன்றும் அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அது. ஆனாலும் இது விதிவிலக்கான நிவாரணம். விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் மட்டும் நாடுகடத்தல் நிற்காது. அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டவர் பொதுவாக 12 மாதம் காத்திருந்துதான் இதைப் போட முடியும்.

## ‘2021இல் எல்லோருக்கும் கொடுத்தார்களே?’

கொடுத்தார்கள். கொரோனாவால் எல்லைகள் மூடியிருந்தபோது ஆண்டு இலக்கை எட்ட, உள்ளே இருந்தவர்களிடமிருந்தே ஆள் எடுத்தார்கள். 2021 பிப்ரவரி 13 அன்று வெறும் 75 மதிப்பெண் வரை இறங்கி 27,332 பேரை அழைத்தது எக்ஸ்பிரஸ் என்ட்ரி. அதே ஆண்டு மே 6 அன்று 90,000 பேருக்கான தனித் திட்டம் திறந்தது. கேஷியர், துப்புரவாளர் வேலைகள்கூட அதில் செல்லும். பட்டதாரிகளுக்கான 40,000 இடங்கள் மறுநாளே நிரம்பின.

இன்றைய நிலை அதற்கு நேர் எதிர். வீட்டு வாடகையும் மருத்துவமனைக் காத்திருப்பும் அரசியல் பிரச்சினையாக ஆன பிறகு, 2025க்கு 5,00,000 என்று இருந்த பி.ஆர். இலக்கை 3,95,000 ஆக இறக்கினார்கள். 2026க்கு 3,80,000. தற்காலிகமாக இருப்பவர்களை மக்கள்தொகையில் 5 விழுக்காட்டுக்குள் கொண்டுவருவதும் கொள்கை. ‘உள்ளே போய்விட்டால் எப்படியும் திட்டம் வரும்’ என்ற கணக்கு இந்தப் பின்னணியில் மிகவும் பலவீனமானது.

## பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

1. திட்டத்தின் முழுப் பெயரைக் கேளுங்கள். அது கனடா அரசின் இணையதளத்தில் இருக்கிறதா, இன்று திறந்திருக்கிறதா, வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கலாமா என்று மூன்றையும் பாருங்கள். பெயர் சொல்லத் தயங்குகிறவரிடம் வேறு பேச்சு வேண்டாம்.

2. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி அரசிடம் வாங்கும் ஒப்புதல், எல்.எம்.ஐ.ஏ. என்ற தொழிலாளர் சந்தை மதிப்பீடு. அதற்கான கட்டணம் ஒரு பணியிடத்துக்கு 1,000 கனடிய டாலர். அதை முதலாளிதான் கட்ட வேண்டும். தொழிலாளியிடமிருந்து வசூலிப்பது சட்டவிரோதம். ‘எல்.எம்.ஐ.ஏ. இருபது லட்சம்’ என்று யார் சொன்னாலும், அது விற்கக் கூடாத ஒன்றை விற்பது.

3. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை தரவோ விண்ணப்பம் போட்டுத் தரவோ கனடாவின் உரிமம் வேண்டும். வழக்கறிஞர், கியூபெக் நோட்டரி, அல்லது குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரி எனப்படும் ஒழுங்குமுறை அமைப்பின் உறுப்பினர். உறுப்பினர் எண்ணை அந்த அமைப்பின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். நம்மூர் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

4. கேஷியர் வேலை பார்த்தவருக்குச் சூப்பர்வைசர் என்று கடிதம் தயாரித்துத் தருவது பரவலாக நடக்கிறது. சம்பளப் பட்டியல், வரி ஆவணம், முதலாளிக்கு ஒரு போன் என்று ஏதாவது ஒன்றில் அது பிடிபடலாம். பிடிபட்டால் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் கனடாவுக்குள் வரத் தடை, அந்தக் காலத்தில் பி.ஆருக்கும் விண்ணப்பிக்க முடியாது. பொய்க் கடிதத்தை ஏஜென்ட் வைத்தார், எனக்குத் தெரியாது என்பது பெரும்பாலும் எடுபடுவதில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது. அதனால் அனுப்பியதில் ஒரு முழு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிடுங்கள்.